குப்பிக்குள் ஒரு கோப்பை: பேக்கிங் யாருடைய வேலையைச் செய்கிறது?



இவ்வாண்டுச் சொற்பொழிவைப் பேக்கிங் பற்றி அமைத்துக்கொள்ளும்படி வணிகவியல் துறையினர் கேட்டுக்கொண்டார்கள். பேக்கிங் என்றதும் நிறம், எழுத்து, லோகோ, அட்டையின் பளபளப்பு என்று பேச்சு அந்தப் பக்கம் ஓடிவிடும். அதற்கெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள். சிவகாசிக்குப் போனால் என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். ஒரு கோப்பைக்கு மட்டும் போதுமான காபித்தூளை அடைத்து மூடிய குப்பி. கேப்ஸ்யூல் என்றும் பாட் என்றும் சொல்கிறார்கள். நம் ஊரில் சில அலுவலகங்களிலும் நட்சத்திர ஹோட்டல் அறைகளிலும் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது மளிகைச் சாமான்.

ஃபில்டர் காபி ஊருக்கு வந்து இதைப் பேசுகிறானே என்று சிலர் நினைக்கலாம். குப்பிக் காபியின் சுவைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. என் வீட்டில் இன்றும் ஃபில்டர்தான். ஆனால் பேக்கிங் என்ற தொழில் ஒரு பொருளை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோக முடியும், அதே பேக்கிங் எப்படி ஒரு நிறுவனத்தின் காலை வாரிவிடும் என்ற இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க இந்தக் குப்பியைப் போல வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் கதை. நெஸ்லே நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் எரிக் ஃபாவ்ர், சுவிட்சர்லாந்துக்காரர். அவர் மனைவி இத்தாலியர். சுவிட்சர்லாந்தில் கிடைக்கும் காபியை அந்த அம்மையார் கேலி செய்வாராம். 1975 வாக்கில் இருவரும் இத்தாலிக்குப் போய் நல்ல எஸ்பிரெஸ்ஸோவின் ரகசியத்தைத் தேடினார்கள். ரோம் நகரில் பாந்தியன் கோயிலுக்குப் பக்கத்தில் சாந்த் எயுஸ்தாக்கியோ என்றொரு பழைய காபிக் கடை. அங்கே மட்டும் கூட்டம் அலைமோதியது. இயந்திரம் மற்ற கடைகளில் இருப்பதுதான். ஆனால் காபி போடுகிறவர் பிடியை ஒரே இழுப்பாக இழுக்காமல் பலமுறை அழுத்தி அழுத்தி விட்டார். நீரோடு காற்றும் சேர்ந்து தூளுக்குள் போனது. அதனால்தான் அந்த நுரை, அந்த மணம் என்று ஃபாவ்ர் கண்டுகொண்டார்.

இதற்குமேல் அவர் யோசித்த விதம்தான் நமக்கு முக்கியம். அந்தக் கைப்பக்குவத்தை எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்று அவர் நினைக்கவில்லை. இன்னும் நல்ல இயந்திரம் ஒன்றைச் செய்வோம் என்பதோடும் நிற்கவில்லை. பக்குவத்தில் பாதியை இயந்திரத்திலும் மறுபாதியைத் தூள் அடைக்கும் உறையிலும் வைத்துவிட்டார். 1976-இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் ஆனது.

அந்த உறை என்ன செய்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வறுத்து அரைத்த காபிக்கு முதல் எதிரி ஆக்ஸிஜன். ஈரமும் வெளிச்சமும் அதற்கு அடுத்தவை. அரைத்த தூளுக்குப் பரப்பு அதிகம் என்பதால் மணம் வேகமாகப் போய்விடும். அரைக் கிலோ பாக்கெட்டைப் பிரித்த நொடியிலிருந்து கடைசிக் கரண்டி வரை தரம் இறங்கிக்கொண்டே வரும். குப்பியில் சுமார் 5 கிராம் தூள்தான் இருக்கிறது. அலுமினியச் சுவர் மூன்று எதிரிகளையும் வெளியே நிறுத்துகிறது. உட்புறம் உணவுக்கேற்ற மெல்லிய பூச்சு. நூறாவது குப்பியைப் பிரித்தாலும் அதற்குள் இருப்பது முதல் நாள் தூள்தான், ஏனென்றால் மற்ற 99 குப்பிகளைத் திறந்தது அதைத் தொடவே இல்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. வறுத்த கொட்டை கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அரைத்த உடனே அடைத்து மூடினால் குப்பி உப்பிவிடும். அதனால் தூளைக் கொஞ்ச நேரம் ஆற விட்டு, ஆனால் ஆக்ஸிஜன் படாமல் ஆற விட்டு, பிறகு அடைக்க வேண்டும். பேக்கிங் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். பண்டத்தின் குணம் தெரியாமல் உறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் ஒரே கவர் என்று முடிவெடுப்பவர்கள் இங்கே இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கட்டும்.

குப்பியை இயந்திரத்தில் போட்டதும் கூரான முனைகள் அதன் குறுகிய பக்கத்தைத் துளைக்கின்றன. 19 பார் அழுத்தம் வரை தரக்கூடிய பம்பு வெந்நீரை உள்ளே தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் ஏறி, மறுபக்கம் இருக்கும் மெல்லிய தகடு புடைத்து, மேடும் பள்ளமுமான ஒரு தட்டில் மோதிக் கிழிகிறது. போதிய அழுத்தம் வந்த பிறகுதான் கிழியும்படி அந்தத் தகட்டின் கனம் கணக்கிடப்பட்டிருக்கிறது. அதாவது எப்போது காபி வெளியே வரலாம் என்று தீர்மானிப்பது அந்த மூடி. ரோம் கடைக்காரரின் கை செய்த வேலையை ஒரு தகடு செய்கிறது. அளந்து போடுகிறவர், பொடியை அமுக்கி வைக்கிறவர், வடிகட்டுகிறவர், பாத்திரம் கழுவுகிறவர் என்று பார்த்தால் நான்கு பேருடைய வேலையை அந்தச் சின்ன உறை தன் தலையில் ஏற்றுக்கொண்டுவிட்டது.

என் பேச்சின் சரடு இதுதான். ஒரு பேக்கிங்கைப் பார்க்கும்போது அது எப்படி இருக்கிறது என்று கேட்பதைவிட, அது யாருடைய வேலையைச் செய்கிறது என்று கேளுங்கள். வாங்குகிறவருடைய வேலையைச் செய்கிறதா, விற்கிறவருடைய வேலையையா, அல்லது வேலையை முடிக்காமல் மூன்றாவது ஆளின் தலையில் கட்டுகிறதா?

இவ்வளவு சிறப்பான உறை வந்த உடனே விற்றிருக்க வேண்டுமல்லவா? விற்கவில்லை. காப்புரிமைக்கும் கடைக்கும் நடுவே பத்து ஆண்டுகள் ஓடின. 1986-இல் நெஸ்பிரெஸ்ஸோ என்ற பெயரில் சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜப்பான் நாடுகளில் அலுவலகங்களுக்காக இறக்கினார்கள். அது தட்டுத்தடுமாறியது. 1988-இல் ழான்-போல் கய்யார் பொறுப்புக்கு வந்தார். காபித் துறையில் வளர்ந்தவர் அல்லர். சிகரெட் நிறுவனமொன்றில் இருந்துகொண்டு மார்ல்பரோ பெயரில் ஆடை விற்றவர். உறையை அவர் மாற்றவில்லை, வாங்குகிறவரை மாற்றினார். அலுவலகத்தில் காபிக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர், குடிப்பவர் வேறொருவர். பணம் கொடுக்கும் மேலாளருக்குக் கோப்பைக்கு என்ன செலவு என்பதுதான் கணக்கு. வீட்டில் கொடுப்பவரும் குடிப்பவரும் ஒருவரே. கழுவ வேண்டிய பாத்திரம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறொன்று என்ற வசதி அங்கேதான் மதிப்புப் பெறும். 1989-இல் ஒரு கிளப் தொடங்கினார்கள். குப்பி வேண்டுமென்றால் அந்தக் கிளப்பில் சேர்ந்து நேரடியாக ஆர்டர் கொடுக்க வேண்டும். மளிகைக் கடை அலமாரியில் மற்ற காபியோடு தோள் உரசும் நிலையே வராமல் பார்த்துக்கொண்டார்கள். 2000-இல் பாரிஸில் நகைக்கடை போன்ற முதல் விற்பனையகம் திறந்தது. ஜார்ஜ் க்ளூனி விளம்பரத்தில் வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். நடிகரால் விற்றது என்று சொல்பவர்கள் நடுவிலிருந்த பதினைந்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள்.

விலைக் கணக்கையும் பாருங்கள். குப்பிக்கு 5 கிராம் என்றால் ஒரு கிலோவுக்கு 200 குப்பி. ஐரோப்பாவில் ஒரு குப்பி அரை யூரோ அளவில் விற்கிறது. கிலோ 100 யூரோ ஆகிறது. கிலோ நூறு யூரோ என்று பலகையில் எழுதி வைத்தால் யார் வாங்குவார்கள்? கோப்பை அரை யூரோ என்றால், வெளியே கடையில் குடிப்பதைவிட மலிவு என்று மனம் சமாதானம் ஆகிவிடுகிறது. வாங்குகிறவர் எதோடு ஒப்பிட வேண்டும் என்பதையே பேக்கிங் மாற்றிவிட்டது. கிலோவோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தவரைக் கடைக் கோப்பையோடு ஒப்பிட வைத்தது.

இந்த வித்தையில் நமக்கும் முன்னோடிகள் உண்டு. கடலூரில் சின்னி கிருஷ்ணன் குடும்பத்தார் ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து விற்றார்கள். வெல்வெட் ஷாம்பு அப்படி வந்தது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் தனியே பிரிந்து 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு தொடங்கியதுதான் சிக் ஷாம்பு, பின்னாளில் கெவின்கேர். சுவிஸ்காரர் ஒரு கோப்பையை உறையில் அடைத்தார் என்றால் கடலூர்காரர்கள் ஒரு தலைக்குளியலை அடைத்தார்கள். ஆனால் நோக்கம் நேர் எதிர்த் திசையில் இருந்தது. அங்கே ஒற்றை அளவு என்பது கிராமுக்குக் கூடுதல் விலை கேட்பதற்கான வழி. இங்கே பாட்டில் வாங்கக் கையில் பணமில்லாதவர் முதல்முறையாக வாங்குவதற்கான வழி. இன்றும் பல ஷாம்புகளில் மில்லி கணக்குப் போட்டால் பாட்டிலைவிடச் சாஷே மலிவாக இருப்பதைப் பார்க்கலாம். ஒற்றை அளவு என்றாலே வசதிக்கு விலை வைப்பது என்று பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் நம் பெட்டிக்கடையில் தொங்கும் சாஷேச் சரத்தை ஒருமுறை வந்து பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குப்பி தீர்த்துவைத்த பிரச்சினை, அதாவது பிரித்த பாக்கெட் மணமிழப்பது, நம் ஊரில் வேறு வழியில் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. தெருமுனையில் காபிப்பொடிக் கடை. நூறு கிராம், இருநூறு கிராம் என்று கண்ணெதிரே அரைத்து, சிக்கரி எவ்வளவு என்று கேட்டுக் கலந்து தருவார்கள். தீர்ந்ததும் மறுபடி போய் வாங்குவது வழக்கம். உறை செய்ய வேண்டிய வேலையைக் கடைக்காரர் செய்தார். எல்லாப் பண்டத்துக்கும் விலையுயர்ந்த பேக்கிங் தேவை என்று ஆலோசகர்கள் வந்து சொல்லும்போது, உங்கள் வாடிக்கையாளர் எவ்வளவு தூரத்தில், எத்தனை நாளைக்கு ஒருமுறை வாங்குகிறார் என்பதை முதலில் கணக்குப் பாருங்கள். தினமும் சுட்டுத் தினமும் விற்கும் பண்டத்துக்கு ஆறு மாதம் தாங்கும் உறை வாங்குவது வீண்செலவு.

இனி அமெரிக்கா. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் தவறு எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

ஜான் சில்வன், பீட்டர் டிராகோன் என்ற இரண்டு நண்பர்கள் 1992-இல் மாசசூசெட்ஸில் கியூரிக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அலுவலகத்துக் காபிக் குடுவையில் காலையில் போட்டது மதியம் வரை கசந்துகொண்டிருக்கும். அதற்கு மாற்றாகப் பிளாஸ்டிக் கப், உள்ளே வடிதாள், மேலே தகட்டு மூடி. கே-கப் என்று பெயர். 1998-இல் முதல் இயந்திரம் அலுவலகங்களுக்குப் போனது. சுவிட்சர்லாந்தில் தோற்ற அலுவலகச் சந்தை இங்கே கைகொடுத்தது. வீட்டு இயந்திரம் சில ஆண்டுகள் கழித்து வந்தது. 2006-இல் வெர்மான்ட் மாநிலத்தின் கிரீன் மவுன்டன் காபி நிறுவனம் கியூரிக்கை முழுதாக வாங்கிக்கொண்டது. இயந்திரத்தைக் குறைந்த லாபத்தில் கொடுத்துக் குப்பியில் சம்பாதிக்கும் தொழில். பிரமாதமாக ஓடியது.

2012 செப்டம்பரில் கே-கப்பின் முக்கியக் காப்புரிமைகள் காலாவதி ஆயின. யார் வேண்டுமானாலும் அந்த இயந்திரத்துக்குப் பொருந்தும் குப்பி செய்யலாம் என்றானது. பல்பொருள் அங்காடிகள் சொந்தப் பெயரில் மலிவான குப்பிகளை இறக்கின. அப்போது நிறுவனத்துக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. மற்றவர்களைவிட நல்ல காபியை நல்ல விலைக்குக் கொடுப்பது ஒன்று. மற்றவர்கள் குப்பி வேலை செய்யாதபடி இயந்திரத்தைச் செய்வது இன்னொன்று. அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2014 ஆகஸ்டில் கியூரிக் 2.0 வந்தது. மூடியின் விளிம்பில் ஒரு சிறப்பு மை. இயந்திரத்துக்குள் அதைப் படிக்கும் கண். அந்த மை இல்லாத குப்பியைப் போட்டால் காபி வராது. மன்னிக்கவும், இது பொருந்தாது என்று திரையில் எழுத்து வரும். அதுமட்டுமல்ல, வீட்டிலுள்ள தூளையே போட்டுக்கொள்ள உதவிய மறுபயன்பாட்டுக் குப்பியையும் நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கி அடுப்படியில் வைத்த சாமான் வீட்டுக்காரரைப் பார்த்து ‘முடியாது’ என்கிறது!

மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அசல் குப்பியின் மூடியில் ஒரு துண்டை வெட்டி, இயந்திரத்தின் கண்ணுக்கு நேரே டேப் போட்டு ஒட்டினார்கள். பூட்டு திறந்துவிட்டது. ரோஜர்ஸ் ஃபேமிலி என்ற காபி நிறுவனம் அதே வேலையைச் செய்யும் ஒரு சின்னக் கிளிப்பைச் செய்து இலவசமாகவே கொடுத்தது. இணையத்தில் திட்டு மழை. 2015 மே மாதம் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பிரையன் கெல்லி முதலீட்டாளர்களிடம் தவறு செய்துவிட்டோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்தக் காலாண்டில் இயந்திரம், துணைக்கருவி விற்பனை வருவாய் 23 சதவீதம் விழுந்திருந்தது. மறுபயன்பாட்டுக் குப்பி திரும்பி வந்தது.

இத்தனை ஆண்டுகள் அதே குப்பிக்குக் கூடுதல் காசு கொடுத்தவர்கள் ஏன் திடீரென்று கொதித்தார்கள்? விலை ஏறியதற்காக அல்ல. அதுவரை அந்த மூடி அவர்களுக்காக வேலை செய்தது, காற்றை வெளியே நிறுத்தியது. 2.0-இல் அதே மூடி நிறுவனத்துக்குக் காவல்காரனாக மாறியது. மை தடவியதால் காபி ஒரு துளி கூட மேம்படவில்லை. இதை விளக்க வாடிக்கையாளருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. நாமும் இதைச் செய்கிறோம். திறக்கவே முடியாத ஒட்டு, உள்ளே பாதி காற்று நிரப்பிய பெரிய பை, அளவைக் குறைத்துவிட்டு உயரத்தைக் கூட்டிய டப்பா. இவையெல்லாம் விற்பவருக்காக வேலை செய்யும் பேக்கிங்.

அதே நிறுவனம் இன்னொரு சோதனையும் செய்தது. கோகோ கோலா கூட்டாளியாகச் சேர, கியூரிக் கோல்ட் என்று குளிர்பானக் குப்பி இயந்திரம் 2015 செப்டம்பரில் வந்தது. விலை 300 டாலருக்கும் மேல். அதில் ஒரு குப்பியைப் போட்டால் ஒரு டம்ளர் கோலா வரும். அதற்கும் ஒரு டாலருக்குக் குறையாத விலை. சற்று யோசித்துப் பாருங்கள். கோலா ஏற்கெனவே ஒருவர் குடிக்கும் அளவில், கெடாமல், குளிரவைத்தால் போதும் என்ற நிலையில் கேனில் கிடைக்கிறது. அளக்க வேண்டாம், வடிகட்ட வேண்டாம், கழுவ வேண்டாம். செய்ய வேலையே இல்லாத இடத்துக்கு ஒரு உறையை வேலைக்கு அனுப்பினார்கள். 2016 ஜூனில் கடையைக் கட்டி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஐரோப்பாவிலும் பூட்டுச் சண்டை நடந்தது. அங்கே அது நீதிமன்றத்தில் நடந்தது. வேடிக்கை என்னவென்றால் நெஸ்பிரெஸ்ஸோவைத் தூக்கி நிறுத்திய கய்யாரே வெளியே வந்து, 2008-இல் எத்திக்கல் காபி கம்பெனி என்று தொடங்கி, மக்கும் குப்பிகளைப் போட்டியாக இறக்கினார். வழக்குகள் நாடு நாடாக ஓடின. 2013-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டுக் குழு நெஸ்லேயின் ஒரு காப்புரிமையை ரத்து செய்தது. 2014-இல் பிரான்ஸின் போட்டி ஒழுங்காணையத்திடம், இயந்திரத்தில் மாற்றம் செய்தால் மற்ற குப்பி தயாரிப்பாளர்களுக்கு முன்கூட்டியே விவரம் தருவதாக நெஸ்பிரெஸ்ஸோ உறுதி கொடுத்தது. கய்யாரின் நிறுவனம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. நெஸ்பிரெஸ்ஸோ, குப்பியின் விளிம்பில் பார்கோடு பதித்த வெர்ட்டுவோ என்ற புதிய வகைக்குப் போனது. அந்தக் கோடு குப்பியை எவ்வளவு வேகத்தில் சுழற்றுவது, எவ்வளவு நீர் விடுவது என்று இயந்திரத்துக்குச் சொல்கிறது. அதுவும் ஒரு பூட்டுத்தான் என்று சொல்லலாம். ஆனால் குடிப்பவருக்கும் அதிலிருந்து ஏதோ கிடைக்கிறது. கியூரிக் மைக்கும் இந்தக் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மாணவர்கள் விவாதப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம். என் தீர்ப்பு பார்கோட்டுக்குச் சாதகம், அரை மனதோடு.

இப்போது மூன்றாவது ஆளுக்கு வருவோம். காபி குடித்தாயிற்று. குப்பி?

2016-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் அரசுப் பணத்தில் காபிக் குப்பி வாங்கக் கூடாது என்று விதி போட்டது. 6 கிராம் காபிக்கு 3 கிராம் பேக்கிங் என்பது அங்கே சொல்லப்பட்ட கணக்கு. குப்பியில் பிளாஸ்டிக், அலுமினியம், வடிதாள், ஈரக் காபிச்சக்கை எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. மறுசுழற்சி ஆலையின் சல்லடையில் இவ்வளவு சிறிய பொருள் கீழே விழுந்து குப்பையோடு போய்விடும். நியாயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு கோப்பைக் காபியின் சுற்றுச்சூழல் பாரத்தில் பெரும்பங்கு தோட்டத்திலும் தண்ணீர் கொதிக்க வைப்பதிலும்தான் இருக்கிறது, உறையில் அல்ல. அளந்து போடும் குப்பி தூளை வீணாக்குவதில்லை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்துப் பாரத்தைத் தூய்மைப் பணியாளர் சுமப்பதில்லை. குப்பியை அவர் சுமக்கிறார்.

சட்டம் இதில் பட்ட பாடு சுவையானது. 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் எது பேக்கிங், எது பேக்கிங் இல்லை என்று ஒரு பட்டியல் போட்டது. சக்கையோடு சேர்த்து எறியப்படும் காபிக் குப்பி அதில் ‘பேக்கிங் இல்லை’ என்ற பக்கம் போய்விட்டது. பேக்கிங் இல்லையென்றால் பேக்கிங் கழிவுக்கான பொறுப்பும் அந்தச் சட்டத்தின்படி இல்லை. 2025-இல் நடைமுறைக்கு வந்த புதிய ஒழுங்குமுறை அதைத் திருப்பிப் போட்டுக் குப்பியையும் பேக்கிங்தான் என்று சேர்த்துக்கொண்டது. வரையறையின் ஒரு வரியில் ஒளிந்துகொண்டு தொழில் நடத்துகிறவர்கள் அந்த வரி ஒருநாள் மாறும் என்பதையும் கணக்கில் எழுதிவைக்க வேண்டும்.

அதைவிடக் கடினமான அடி, சொன்ன சொல்லுக்கு விழுந்தது. கியூரிக் தன் குப்பியை மறுசுழற்சி செய்யலாம் என்று உறையில் போட்டது. கனடாவின் போட்டிக் கண்காணிப்பு அமைப்பு விசாரித்தது. இரண்டு மாகாணங்கள் நீங்கலாகப் பெரும்பாலான ஊர்களின் மறுசுழற்சித் திட்டங்கள் அந்தக் குப்பியை ஏற்பதே இல்லை என்று தெரிந்தது. 2022 ஜனவரியில் 30 லட்சம் கனடிய டாலர் அபராதம். அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் பங்குச் சந்தை ஆணையம் 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. குப்பியை மறுசுழற்சி செய்ய முடியும் என்று சோதனையில் தெரிந்ததாக ஆண்டறிக்கையில் எழுதியவர்கள், பெரிய மறுசுழற்சி நிறுவனங்கள் இரண்டு இதை எடுத்துக்கொள்ள விருப்பமில்லை என்று சொன்னதை எழுதவில்லை. ஆய்வகத்தில் முடியும் என்பதும் ஊரில் நடக்கிறது என்பதும் வேறு வேறு. உங்கள் கவரின் பின்னால் மூன்று அம்புக்குறி போடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

காலி உறை திரும்பி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் கண்முன்னே இரண்டு சான்றுகள். சிக் ஷாம்பு தொடக்கக் காலத்தில் ஒரு திட்டம் வைத்தது. எந்த நிறுவனத்தின் சாஷேயாக இருந்தாலும் ஐந்து காலி உறை கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம். பிறகு சிக் உறைதான் வேண்டும் என்று மாற்றினார்கள். நோக்கம் வியாபாரம்தான், சுற்றுச்சூழல் அல்ல. ஆனாலும் எறியப்படும் உறைக்கு ஒரு விலை வைத்தால் அதை மக்கள் பத்திரப்படுத்துவார்கள் என்பது அன்றே நிரூபணமானது. இரண்டாவது, நீலகிரியில் காட்டிலும் ஓடையிலும் உடைந்து கிடந்த மதுப் பாட்டில்கள் தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதன் பேரில் 2022-இல் டாஸ்மாக் தொடங்கிய திட்டம். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவார்கள். பாட்டில்களில் பெரும்பங்கு திரும்பி வந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அது போனது. குடித்தவர் வீசிய பாட்டிலைக்கூட வேறொருவர் பத்து ரூபாய்க்காக எடுத்துக் கொடுத்துவிடுவார். காலிக் குப்பியைச் சேகரித்துத் தனிப்பையில் போட்டு அனுப்புங்கள் என்று வாடிக்கையாளரின் நல்ல மனத்தை நம்பும் சுவிஸ் ஏற்பாட்டைவிட இந்தப் பத்து ரூபாய் எனக்கு நம்பிக்கை தருகிறது.

சுவிட்சர்லாந்திலேயே மீக்ரோஸ் என்ற கூட்டுறவு நிறுவனம் 2022-இல் உறையே இல்லாத காபி உருண்டையை இறக்கியிருக்கிறது. அமுக்கிய தூளின்மேல் கடற்பாசியிலிருந்து எடுத்த மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். அது நிலைக்குமா என்பதைச் சந்தை சொல்லட்டும். நெஸ்பிரெஸ்ஸோவும் தாளாலான மக்கும் குப்பியைக் கொண்டுவந்துள்ளது. இந்தியாவுக்கு வருவதாகவும் 2024-இல் நெஸ்லே அறிவித்தது. ஆகவே இது இனி அயல்நாட்டுக் கதை மட்டுமல்ல.

இங்கே வந்திருக்கும் சிறுதொழில் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். அடுத்த கவருக்கு அச்சகத்தில் ஆர்டர் கொடுக்கும் முன், மாதிரியை நாலு பேரிடம் காட்டுவீர்கள். அழகாக இருக்கிறதா என்று கேட்பீர்கள். இம்முறை பண்டத்தைத் தீர்த்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு காலிக் கவரை எடுத்துக்கொண்டு இரண்டு பேரிடம் போங்கள். உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் இதை எந்தப் பையில் போடுவீர்கள் என்று கேளுங்கள். பழைய இரும்புக் கடைக்காரரிடம் கிலோவுக்கு என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். அலுமினியத்துக்கு அவர் காசு தருவார். தகடும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய பலஅடுக்குக் கவரைத் தராசில்கூட வைக்க மாட்டார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு ஆர்டர் கொடுங்கள்.